காரில் பாட்டு: சாட்டிலைட் ரேடியோ, கையடக்க பிளேயர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நண்பர் ஒருவர் 2009 மாடல் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தார். நியூஜெர்சியானால் என்ன, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. அடுத்தது பாட்டு. "ப்ளூடூத் இருக்கு. சாட்டிலைட் ரேடியோ மூணு மாசம் சும்மா தர்றாங்க. பழைய ஐபாட் ஒண்ணு டிராயர்ல தூங்குது. எதை வச்சுக்கலாம், சொல்லுங்கண்ணே" என்றார்.

பதில் சொல்ல அந்தக் காருக்குள்ளேயே அரைமணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. ஏனென்றால் இந்த விஷயத்தில் எல்லோரும் பெட்டிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள்: இதில் எத்தனை சேனல், அதில் எத்தனை ஜிபி. பாட்டு அந்தப் பெட்டியிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காசு வீணாவதும் காது நோவதும் பெரும்பாலும் அந்த வழியில்தான்.

"ப்ளூடூத் இருக்கு" என்பதை நம்பிவிடுவது

நண்பரின் காரில் ஸ்டீயரிங்கில் போன் படம் போட்ட பொத்தான் இருந்தது. போனை இணைத்து அவர் மனைவியை அழைத்தோம். குரல் கணீரென்று கேட்டது. பாட்டைப் போட்டால் அது போனிலேயே பாடுகிறது, கார் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ப்ளூடூத் பேசுவதற்கு மட்டும்தான். ப்ளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ப்ரொஃபைல் என்று தனி ஏற்பாடு உண்டு: பேச்சுக்கு ஒன்று, ஸ்டீரியோ இசைக்கு வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் பாட்டு வராது. விற்றவர் பொய் சொல்லவில்லை. ப்ளூடூத் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது, ஆகவே இந்தக் குழியில் விழுகிறவர்கள் நிறையப் பேர். பழைய கார் பார்க்கப் போனால் இன்ஜினைக் கேட்பது போலவே ஒரு பாட்டையும் அங்கேயே போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ப்ளூடூத் கைவிட்டதும் பலர் செய்யும் அடுத்த காரியம், சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை வாங்குவது. பிளேயரில் ஓடும் பாட்டை அது ஒரு குட்டி வானொலி நிலையமாக ஒலிபரப்பும், கார் ரேடியோ அதைப் பிடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குச் சட்டம் அனுமதிக்கும் திறன் மிக மிகக் குறைவு. நியூயார்க்கைச் சுற்றிய ஊர்களில் எஃப்எம் பட்டையில் காலி இடம் தேடுவது, பொங்கலுக்கு முதல் நாள் ஊருக்குப் போகும் பஸ்ஸில் சீட்டு தேடுவது போல. எங்காவது ஒரு இடம் கிடைத்தாலும் ஐம்பது மைல் தள்ளி அதே எண்ணில் நிஜ நிலையம் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒருமுறை டெலவேர் பக்கம் போகும்போது வீணையில் கல்யாணி மெல்ல விரிந்துகொண்டிருந்தது; திடீரென்று நடுவில் ஒரு போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் வீணை, கொஞ்ச நேரம் பிரசங்கம். பின் சீட்டில் மாமியார் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

காரில் கேசட் ஓட்டை இருந்தால், டேப் வடிவில் வயரோடு வரும் அடாப்டர் இந்த டிரான்ஸ்மிட்டரைவிட எவ்வளவோ மேல். ஆக்ஸ் துளை, அதாவது ஹெட்போன் வயர் மாதிரி ஒன்றைச் செருகும் துளை, காரில் இருந்தால் இரண்டும் வேண்டாம், ஒரு வயர் போதும்.

ஆக்ஸ் வயரிலும் இரண்டு தொல்லைகள்

ஒன்று, சத்தத்தின் அளவு. பிளேயரில் வால்யூமைக் கால்வாசி வைத்துவிட்டு, போதவில்லை என்று கார் ஸ்டீரியோவை முழுக்கத் திருகுவார்கள். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். அப்புறம் தவறி ரேடியோவுக்கு மாற்றினால் காருக்குள் வெடி வெடித்தது போலிருக்கும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு எழும். பிளேயரில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே வைத்துவிட்டு, மீதியைக் காரில் கூட்டுவதுதான் சரி.

இன்னொன்று அந்த ஊளை. பிளேயரைச் சார்ஜரிலும் ஆக்ஸிலும் ஒரே நேரத்தில் மாட்டினால் சில கார்களில் "ஙீ..." என்று ஒரு சத்தம் வரும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பிளேயர் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கியவரை எனக்குத் தெரியும். புதியதும் அதே ராகத்தைத்தான் பாடியது. கோளாறு பிளேயரில் இல்லை. சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் வயர் வழியாகவும் இரண்டு இடங்களில் எர்த் ஆகி ஒரு சுற்று உண்டாகிறது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அதில் நுழைந்துவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், ஊளை நின்றால் காரணம் அதுதான். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கட்டைவிரல் அளவு டப்பா ஒன்று கிடைக்கும். விலை அதிகமில்லை. வயருக்கு நடுவில் மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

வயரே வேண்டாம், பென் டிரைவ் போதும் என்பவர்களுக்கு: பெரிய கொள்ளளவு பென் டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. பழைய ஸ்டீரியோக்கள் ஃபேட்32 மட்டுமே படிக்கும். "கார் படிக்கவில்லை" என்று தூக்கிப்போடும் முன் அதைப் பாருங்கள். பாட்டுகள் தாறுமாறான வரிசையில் ஓடினாலும் பதறாதீர்கள். பல ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல் நீங்கள் காப்பி செய்த வரிசையில்தான் எடுக்கும்.

நம் பாட்டுக்கென்றே இரண்டு சோதனைகள் உண்டு. பாட்டின் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் பழைய கார்த் திரையில் வெறும் கட்டங்களோ கேள்விக்குறிகளோதான் தெரியும். ஆங்கில எழுத்தில் மாற்றிவைக்காவிட்டால் முந்நூறு பாட்டும் ஒரே பெயரில் நிற்கும். அடுத்து, கச்சேரி கேட்பவர்கள் இடைவெளியின்றி அடுத்த டிராக்குக்குத் தாவும் வசதி பிளேயரில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்காக வெட்டியிருப்பார்கள். தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் பிளேயர் ஒரு விநாடி மூச்சு வாங்கினால் எப்படியிருக்கும்? பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைக்க மறந்தால் இன்னும் விசேஷம்: தனி ஆவர்த்தனம் முதலில் வரும், பாடகர் பிறகு வந்து சேருவார்.

சாட்டிலைட் என்றால் எங்கும் கேட்கும் என்று நினைப்பது

செயற்கைக்கோளிலிருந்து நேராகக் காருக்கு வரும் இந்தச் சந்தா வானொலிச் சேவை அமெரிக்காவில் தொடங்கியது 2001இல். எக்ஸ்எம் நிறுவனம் முதலில் வந்தது. அதன் முதல் இரண்டு செயற்கைக்கோள்களுக்கு ராக், ரோல் என்று பெயர். மறு வருடம் சிரியஸ் வந்தது. 2008இல் இரண்டும் ஒன்றாகி சிரியஸ் எக்ஸ்எம் ஆயின. நிறுவனங்கள் ஒன்றானாலும் பழைய ரேடியோக்கள் ஒன்றாகவில்லை: சிரியஸ் பெட்டி எக்ஸ்எம் சிக்னலைப் பிடிக்காது, எக்ஸ்எம் பெட்டி சிரியஸ் சிக்னலைப் பிடிக்காது. கராஜ் சேலில் ஐந்து டாலருக்குக் கிடைக்கிறது என்று ஒன்றை எடுத்து, இன்னொன்றுக்கான ஆன்டெனாவையும், பெட்டியைக் காரில் மாட்டிவைக்கும் தொட்டிலையும் வாங்கி விழிப்பது இன்றும் நடக்கிறது.

சிக்னல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேர்க்கோட்டில் வருகிறது. ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். பெரிய நகரங்களில் கட்டடங்களுக்கு நடுவே விடுபடாமலிருக்கத் தரையிலும் சிக்னலைத் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர் கோபுரங்கள் வைத்திருக்கிறார்கள். ரேடியோவுக்குள் சில விநாடிகளுக்கான ஒலி சேமிப்பில் இருப்பதால் ஒரு பாலத்தடியை வேகமாகக் கடந்தால் தெரியாது. அதே பாலத்தடியில் சிவப்பு விளக்கு விழுந்து நின்றுவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்ட வர்ணனையின் முக்கியமான கட்டத்தில் அமைதி. எக்ஸ்எம் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பதால் வடக்கு மாநிலங்களில் தெற்கு வானில் தாழ்வாகத்தான் தெரியும். உங்கள் தினசரிச் சாலைக்குத் தெற்குப் பக்கம் மலையோ அடர்ந்த மரங்களோ இருந்தால் இலவச மாதங்களிலேயே கவனித்துவிடுங்கள். ஹவாய்க்கு இந்த சிக்னல் கிடையவே கிடையாது. சென்னைக்குக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டார். கதவைத் திறந்து வைக்க முட்டுக்கொடுக்கலாம் என்றேன்.

பழைய காரில் ரேடியோ உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: 0ஆம் சேனலுக்குப் போங்கள், பெரும்பாலான கார்களில் அந்த ரேடியோவின் அடையாள எண் தெரியும். கூரையில் சுறா துடுப்பு போல ஆன்டெனா இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்குள் வேறு ஆன்டெனாவும் இருக்கலாம். சேவையைத் தொடங்கும்போது காரை வெட்டவெளியில் நிறுத்தி ரேடியோவைப் போட்டுவைத்துச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். கராஜுக்குள் நின்றுகொண்டு வேலை செய்யவில்லை என்று போனில் சண்டை போடுவதில் பயனில்லை.

ஒலித்தரம் பற்றி ஒரு வார்த்தை. அத்தனை சேனல்களையும் ஒரு குறுகிய அலைப்பட்டைக்குள் திணிப்பதால் ஒலியை நன்றாகவே அமுக்குகிறார்கள். பேச்சுக்கும் விளையாட்டு வர்ணனைக்கும் அது போதும். சிம்பல், வயலின் மேல்ஸ்தாயி எல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல எனக்குப் படுகிறது. 70 மைல் வேகத்தில் டயர் சத்தத்துக்கு நடுவே பலருக்கு இது தெரியாது, தெரியாவிட்டால் நல்லதுதான்.

இலவசம் முடியும் தேதியை மறப்பது

இதுதான் அதிகம் பேர் பணம் விடும் இடம். காரோடு வரும் மூன்று மாதம் முடிந்ததும் குறைந்த விலைச் சலுகை ஒன்று வரும். கார்டு எண்ணைக் கொடுத்துச் சேர்வோம். சலுகைக் காலம் முடிந்ததும் முழு விலையில் அதுவாகவே புதுப்பித்துக்கொள்ளும். இசை உரிமைக் கட்டணம் என்று ஒன்றும் விளம்பர விலைக்கு மேலே சேர்ந்து வந்திருக்கிறது. நிறுத்துவது சேர்வதைப் போல எளிதாக இருந்ததில்லை. 2023 டிசம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் சிரியஸ் எக்ஸ்எம் மீது இதற்காகவே வழக்குத் தொடுத்தார். நிறுத்த நினைப்பவர்களைப் பேசிப் பேசி இழுத்தடிக்கிறார்கள் என்பது புகார். சந்தாவை எளிதாக நிறுத்த வழி வைக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டத்தை நிறுவனம் மீறியதாக 2024 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது.

நிறுத்துகிறேன் என்றவுடன் விலை இறங்குவதும் ஊரறிந்த விஷயம். முதலில் சொன்ன விலையைக் கொடுப்பவர் கோயம்பேட்டில் பேரம் பேசாமல் காய் வாங்குபவர் மாதிரி.

தமிழ்ப் பாட்டை நினைத்துச் சந்தா கட்டுவதற்கு முன் சேனல் பட்டியலை ஒருமுறை முழுக்கப் பாருங்கள். எந்த நிகழ்ச்சி செயற்கைக்கோளில் வருகிறது, எது இணையத்தில் மட்டும் வருகிறது என்பதையும் பாருங்கள்; இரண்டாவதற்கு உங்கள் போன் டேட்டா செலவாகும். இந்தியாவில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சாட்டிலைட் ரேடியோ இருந்த காலத்தில் தமிழுக்கு கேஎல் ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி என்று தனித்தனிச் சேனல்கள் இருந்தன. வீட்டு ஜன்னலில் ஆன்டெனாவைத் திசை பார்த்து வைத்துக் கேட்டார்கள். 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு சேவை நின்றது, பெட்டிகள் பரணுக்குப் போயின. சேவை நின்றால் பெட்டியும் போச்சு. ஐபாட் தயாரிப்பு 2022இல் நின்றுவிட்டது, ஆனால் டிராயரில் தூங்கும் ஐபாட் இன்னும் பாடும்.

இவ்வளவு சொன்னதால் சாட்டிலைட் ரேடியோ வீண் என்று நினைக்க வேண்டாம். நெவாடாவில் யுஎஸ் 50 சாலையை 1986இல் லைஃப் பத்திரிகை அமெரிக்காவின் தனிமையான சாலை என்று எழுதியது. அந்த மாதிரி இடங்களில் செல்போன் சிக்னல் போய்விடும், எஃப்எம்மும் இருக்காது. அங்கே உயிருள்ள ஒரு மனிதர் இன்றைய செய்தியைச் சொல்லிக்கொண்டு கூடவே வருவதற்கு ஈடாகப் பிளேயரில் எதுவுமில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் இருபது நிமிடம் ஆபீஸுக்குப் போய்வருபவருக்கு அந்த அருமை தெரியாது, தேவையும் இல்லை.

வெயிலையும் மறக்கக் கூடாது. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 11 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறிவிடும். டாஷ்போர்டில் பிளேயரை விட்டுப்போனால் முதலில் பேட்டரி உப்பும். ஸ்பீக்கர் சரியில்லை என்று இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி ஓட்டுவது கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் சட்டப்படி குற்றம்.

நண்பரின் கதைக்கு வருவோம். 0ஆம் சேனலில் எண் தெரிந்தது. ஆக்ஸ் துளை கைவைக்கும் பெட்டிக்குள் ஒளிந்திருந்தது, அவர் அதைப் பார்த்திருக்கவேயில்லை. மூன்றடி வயர் ஒன்றைக் கொடுத்தேன். ஐபாடைச் சார்ஜரில் மாட்டியதும் ஊளை வந்தது, பிடுங்கியதும் போனது. இனி வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்கிறேன் என்றார். இலவசம் முடியும் தேதியை அவர் போன் காலண்டரில், ஒரு வாரம் முன்னாலேயே மணி அடிக்கும்படி, நானே போட்டுக் கொடுத்தேன். கார்டு எண் கேட்டு வந்த முதல் கடிதம் போன வாரமே வந்துவிட்டதாம்.