கோப்ளின் நம்புமா? புது டி.எம்.களுக்கு மாயத்தோற்ற விதிகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டில் நெருப்புப் பந்து மந்திரத்தை வீசினால் கணக்கு எளிது. டைஸை உருட்டி, சேதத்தைக் கழித்துவிடலாம். மாயத்தோற்றத்தில் அந்த வசதி கிடையாது. "இங்கே ஒரு மரப்பெட்டி தெரியும்படி செய்கிறேன், கோப்ளின் நம்புமா?" என்று எதிரியான குட்டி அரக்கனைப் பற்றி ஆட்டக்காரர் கேட்டதும், ஆட்டத்தை நடத்தும் புது டன்ஜன் மாஸ்டர் (டி.எம்.) விழிப்பார். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, மைனர் இல்யூஷன் என்ற எளிய மாயத்தோற்ற மந்திரத்தை வைத்துப் பார்ப்போம்.

படி 1: மந்திரத்தின் எல்லையைப் பாருங்கள்

30 அடி தூரத்துக்குள், ஒரு நிமிடம், அதாவது 10 சுற்று நிற்கும். உருவம் அல்லது சத்தம், இரண்டில் ஒன்றுதான். உருவம் 5 அடிக் கனசதுரத்துக்குள் அடங்கும் பொருளாக இருக்க வேண்டும். ஆள், மிருகம் வேண்டுமென்றால் முதல் நிலை மந்திரமான சைலன்ட் இமேஜ் தேவை. உருவத்துக்கு வெளிச்சமோ வாசனையோ இல்லை. மாயத் தீப்பந்தத்தை வைத்து இருட்டில் வழி பார்க்கலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். முடியாது.

படி 2: இலக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

மாயத்தைக் கண்டுபிடிக்க எதிரி டைஸில் எட்ட வேண்டிய எண் இது: 8 + ப்ரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு வளரும் தேர்ச்சிப் புள்ளி) + மந்திரத்துக்கான திறன் மாடிஃபையர் (திறன் எண்ணிலிருந்து வரும் கூட்டல்). அறிவு 16 உள்ள முதல் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) 8 + 2 + 3 = 13.

படி 3: உடனே டைஸை எடுக்காதீர்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இது. பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்பட எந்த டைஸும் கிடையாது. மூன்று கோப்ளின்கள் துரத்துகின்றன. விசார்ட் மூலையில் ஒரு மரப்பெட்டியைத் தோற்றுவித்து அதற்குள் குந்திக்கொள்கிறார். கிடங்கு என்றால் பெட்டி இருப்பது சகஜம், முதல் கோப்ளின் தாண்டி ஓடிவிடும். வெறும் குகையின் நடுவில் புதுப்பெட்டி என்றால் இரண்டாவது நின்று பார்க்கும். அப்படி உற்றுப் பார்க்க அது அந்தச் சுற்றுக்கான தன் ஆக்‌ஷனைச் செலவழிக்க வேண்டும். அப்போதுதான் இன்வெஸ்டிகேஷன் (துப்பறியும் திறன்) உருட்டுங்கள். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், அதன் கண்ணுக்குப் பெட்டி மங்கலாகிவிடும். மூன்றாவது பெட்டியைக் குத்திப் பார்த்தால் டைஸே வேண்டாம், ஈட்டி உள்ளே போய்விடும்.

ஒரு ஆக்‌ஷனை வீணடிக்க வைத்ததே ஆட்டக்காரருக்கு வெற்றிதான். கதை உங்களுக்குத் தெரியும் என்பதற்காகக் கோப்ளினுக்கும் தெரிந்ததுபோல் ஆடுவது அழுகுணி ஆட்டம்.

படி 4: விதிவிலக்கு

ஃபேன்டாஸ்மல் ஃபோர்ஸ் வேறு ரகம். இரண்டாம் நிலை மந்திரம். ஒரே எதிரியின் மனதுக்குள் நடக்கிறது. இங்கே எடுத்த எடுப்பிலேயே அறிவு சேவிங் த்ரோ (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி உருட்டும் டைஸ்) உண்டு. தோற்றவர் தர்க்கத்துக்கு ஒவ்வாததையும் சமாளித்து நம்புவார்: மாயப் பாலத்தில் கால் வைத்துப் பள்ளத்தில் விழுந்தாலும், பிழைத்தால், யாரோ தள்ளிவிட்டார்கள் என்றுதான் சொல்வார். ஆபத்தான உருவமாக இருந்தால் சுற்றுக்கு 1டி6 (ஒரு ஆறுமுக டைஸ்) மனச்சேதமும் வரும். ஆனால் இதற்கு கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தின் மீது விடாத கவனம்) தேவை. விசார்டுக்கு அடி விழும்போதெல்லாம், 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது அதிகமோ அதை எட்டும்படி கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் கேளுங்கள். எட்டாவிட்டால் மாயம் அங்கேயே கலைந்துவிடும்.