திசு வளர்ப்பு பழக்கன்றுகளுக்கு வேர் உட்பூசணம் இடும் முறை

தாய்ச்செடியின் சிறு திசுவிலிருந்து ஆய்வுக்கூடப் புட்டியில் வளர்க்கப்பட்டு வெளிவரும் கன்றின் வேரில் எந்தப் பூஞ்சையும் இருக்காது. இலையின் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் சரியாக மூடாது, வேர்த்தூவியும் குறைவு. வெளிச்சூழலுக்குப் பழக்கிக் கடினப்படுத்தும் முதல் வாரங்களில் கன்றுகள் அதிகம் சாவது இதனால்தான். வேம் (VAM), மைக்கோரைசா என்றெல்லாம் சொல்லப்படும் வேர் உட்பூசணம் என்ற நன்மை செய்யும் பூஞ்சை அந்த வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்துக்கும் தன் இழைகளை நீட்டுகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் மிக மெதுவாகவே நகரும் என்பதால் வேரைச் சுற்றி அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்கப்பால் இருப்பதை இழைகள் கொண்டுவருகின்றன. துத்தநாகம், தாமிரமும் இப்படியே வரும். பதிலுக்குக் கன்று சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது.

வாழை, மாதுளை, திராட்சை, எலுமிச்சை வகைகள், ஆப்பிள், பேரி, செர்ரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். புளூபெர்ரிக்குப் பொருந்தாது, அதன் கூட்டாளிப் பூஞ்சை வேறு வகை.

இந்தப் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. அதனால் எவ்வளவு இடுகிறோம் என்பதைவிட எங்கே, எப்போது இடுகிறோம் என்பதுதான் முக்கியம். நல்ல வேர் விட்ட கன்றானால் புட்டியிலிருந்து எடுக்கும் அன்றே இடலாம். வேரில் ஒட்டிய அகாரை (புட்டியில் கன்று வளர்ந்த கூழை) வெதுவெதுப்பான நீரில் முழுவதும் கழுவுங்கள்; அதிலுள்ள சர்க்கரை அழுகலை வரவழைக்கும். குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில்) பாதி வரை ஊடகம், அதாவது கன்று வளரும் கலவை, நிரப்பி, மண் கலந்த வேம் 3 முதல் 5 கிராம் வைத்து, வேர் அதைத் தொடும்படி கன்றை இறக்கி மூடுங்கள். மேலே தூவினால் பெரும்பகுதி வீண். வேர் இல்லாமலோ நலிந்தோ வந்த கன்றுக்கு அவசரப்பட வேண்டாம். புது வேர் விட்டபின், பைக்கு மாற்றும்போது 10 கிராம் வேர்க்கட்டியின் அடியில் வையுங்கள். செறிவான தூள் வகைக்கு அளவு மாறும், உறையில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

ஊடகத்துக்கு மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்து, 70–80 டிகிரி செல்சியஸ் நீராவியில் அரைமணி நேரம் வைத்து, நன்றாக ஆறிய பிறகே வேம் சேர்க்க வேண்டும்.

பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது மணிச்சத்துதான். தாராளமாகக் கிடைத்தால் கன்று பூஞ்சைக்கு இடம் கொடுக்காது. பாசன நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் பாஸ்பரஸைத் தாண்டாமல் வைத்து, தழைச்சத்தும் சாம்பல்சத்தும் வழக்கம்போலக் கொடுங்கள். எருவை அதிகம் கலந்தாலும் இதே பிரச்சினை வரும். அடுத்து, கார்பென்டசிம் போன்ற ஊடுருவும் பூஞ்சைக்கொல்லியை வேரில் ஊற்றினால் இட்ட வேமும் முடங்கும். எப்போதும் சொதசொதவென்று ஈரமாக இருக்கும் தட்டிலும் பூஞ்சை பரவாது.

முதல் சில வாரங்களில் வேம் இட்ட கன்று இடாததைவிடச் சிறியதாகத் தெரியலாம். பூஞ்சை சர்க்கரையை எடுக்கத் தொடங்கியிருக்கும், பலன் இன்னும் வந்திருக்காது. நிழல் அடர்த்தியாக இருந்தால் இந்தத் தேக்கம் நீளும். கன்று தாங்கும் அளவுக்கு வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அப்போதே முடிவுக்கு வராதீர்கள். ஒப்பிட, வேம் இடாத கன்றுகள் சிலவற்றைக் கட்டாயம் தனியே வையுங்கள்.

ஆறாவது வாரம் வேரைச் சோதிக்கலாம். மெல்லிய வேர்த்துண்டுகளை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிறம் போகும்வரை சூடாக்குங்கள் (கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிவது அவசியம்). நன்றாக அலசி, 5% பேனா மை கலந்த வினிகரில் 3 நிமிடம் கொதிக்க வைத்து, சில துளி வினிகர் விட்ட நீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். நுண்ணோக்கியில் வேர்ச் செல்களுக்குள் குட்டி மரம்போலக் கிளைத்த வடிவங்கள் மை நிறத்தில் தெரிந்தால் பூஞ்சை குடியேறிவிட்டது. ஒன்றுமே தெரியாவிட்டால் உர நீரின் மணிச்சத்தையும் வேம் காலாவதியான தேதியையும் பார்த்து, அடுத்த மாற்று நடவில் புதிய வேம் இடுங்கள்.