எல்லாரும் ஒரே பக்கம் போகாதீர்கள்: ஏரிப் படகு சவாரியில் நாம் செய்யும் தவறுகள்

ஆரத்தித் தட்டை ஏந்தி வாசலுக்கு நடந்தவர்களுக்கு இது தெரியும். தட்டு ஒரு நூல் சாய்ந்தால் போதும், உள்ளே இருக்கிற தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடும். ஓடிய தண்ணீரின் எடை தட்டை இன்னும் கொஞ்சம் சாய்க்கும். சுதாரிப்பதற்குள் பட்டுப் புடவையில் சிவப்புக் கறை.

ஏரியில் படகு கவிழ்வதும் பல நேரம் இப்படித்தான். தண்ணீருக்குப் பதில் அங்கே ஓடுவது ஆட்கள்.

2009 செப்டம்பர் 30 மாலை தேக்கடி ஏரியில் இரண்டு தளம் கொண்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகள் தெரிந்ததும் மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்பது அப்போது பரவலாக வந்த செய்தி. படகின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது என்ற பேச்சும் எழுந்தது. இரண்டும் சேர்ந்தால் இப்படி ஆகலாம். படகின் வடிவமைப்பு நம் கையில் இல்லை. எழுந்து ஓடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

உட்கார்ந்திருக்கும்போது நம் எடை படகின் அடித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். எழுந்து நின்றால் அதே எடை இடுப்பு உயரத்துக்கு ஏறிவிடும். பத்துப் பேர் எழுந்தால் சுமார் 600 கிலோ மேலே போகிறது. அந்த 600 கிலோவும் ஓரத்துக்கு நகர்ந்தால் படகு நிமிர்வது கஷ்டம். யானை தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியவில்லையா, படகைத் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். படகோட்டிக்கு அது பெரிய வேலை இல்லை.

பெடல் போட்டிலும் இதே கதைதான், அளவு சின்னது. மலை ஊர் ஏரி ஒன்றில் ஒருமுறை பார்த்தேன். புதுசாகக் கல்யாணமான ஜோடி. நடு ஏரியில் கணவருக்குக் கால் வலி எடுத்ததோ என்னவோ, இடம் மாற்றிக்கொள்ள இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். படகு ஒரு பக்கம் அமிழ்ந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. நல்லவேளை, பயத்தில் அந்தப் பெண் அப்படியே தொப்பென்று உட்கார்ந்தார், அதுதான் காப்பாற்றியது. கரையிலிருந்து ஒருவர், "அண்ணே, உக்காருங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே இருந்தார். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் கரைக்கு வந்து மாற்றுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவர் பின் ஒருவராக, குனிந்து, படகின் நடுவில் கால் வைக்க வேண்டும். படகைக் கட்டுவதற்கு முன்னால் துறைக்குத் தாவுவது, படகுக்கும் துறைக்கும் நடுவில் பிள்ளைகள் கை நீட்டுவது, இந்த இரண்டிலும் நசுங்கும் விரல்கள் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்து ஆள் கணக்கு. "குழந்தைதானே, மடியில வெச்சுக்கிறோம்" என்பது டிக்கெட் கவுண்டரில் தினமும் கேட்கிற வசனம். படகுக்கு மடி கணக்கு கிடையாது, எடைதான். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த படகில் அனுமதி 22 பேருக்கு, ஏறியவர்கள் 37 பேர். பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டியிருக்கிறார்கள். இறந்தவர்கள் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தபோதும் கணக்குக்கு மேல் ஆள், லைஃப் ஜாக்கெட் சிலருக்கு மட்டும். படகின் பக்கவாட்டில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். அதைப் படியுங்கள், ஏறியவர்களை எண்ணுங்கள். ஒரு தலை அதிகமென்றால் இறங்கிவிடுங்கள். குடும்பம் இரண்டு படகாகப் பிரிந்தால் போட்டோ கொஞ்சம் கெடும், அவ்வளவுதான்.

லைஃப் ஜாக்கெட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இப்போது அது பல இடங்களில் கிடைக்கிறது, அங்கெல்லாம் போட்டுக்கொள்கிற விதத்தில்தான் பிரச்சினை. நாற்றம் அடிக்கிறது, ஈரமாக இருக்கிறது, புடவை கசங்குகிறது என்று தோளில் தொங்கவிடுவார்கள். துறை கண்ணுக்கு மறைந்ததும் கழற்றி அடியில் போட்டு மெத்தையாக உட்காருவார்கள். உட்கார உட்கார உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு நசுங்கி மிதக்கும் சக்தி போய்விடும். உங்களுக்கு அடுத்து வருபவர் போடுவதும் அதே ஜாக்கெட்தான்.

தண்ணீருக்குள் நம் உடம்பின் எடை சில கிலோதான். அந்தச் சில கிலோவைத் தாங்கினால் தலை மேலே நிற்கும். நல்ல ஜாக்கெட்டின் உள்பக்கச் சீட்டில் 50, 100 என்று நியூட்டன் கணக்கு போட்டிருக்கும். 50 என்றால் ஏறக்குறைய 5 கிலோவைத் தாங்கும், அது நீச்சல் தெரிந்தவர்களுக்கு. நீச்சல் தெரியாதவர்களுக்கு 100 வேண்டும். சீட்டே இல்லாத, கொக்கி உடைந்த, பஞ்சு கட்டி தட்டிய ஜாக்கெட்டைத் தந்தால் கூச்சப்படாமல் வேறு கேளுங்கள்.

போட்ட பிறகு ஒரு சின்னச் சோதனை. எல்லாக் கொக்கியும் மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கி, இன்னொருவரை ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது உங்களுக்குப் பெரிசு, தண்ணீரிலும் அப்படியே கழன்று மேலே போய்விடும். குழந்தைகளுக்குத் தொடை இடுக்கு வழியாக வரும் பட்டை கட்டாயம் வேண்டும். பெரியவர் அளவைப் பிள்ளைக்கு மாட்டி, "வளர்ற பிள்ளைதானே" என்று சிரிக்கிற இடம் இது இல்லை. புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். பெடலில் அவை சுற்றிக்கொண்டால் எழவும் முடியாது, நகரவும் முடியாது.

"எனக்கு நீச்சல் தெரியும், எதுக்கு ஜாக்கெட்?" என்பவர்கள் அனேகமாகக் கிணற்றிலோ வாய்க்காலிலோ நீந்தக் கற்றவர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழி மாதத் தண்ணீர் வேறு ரகம். சட்டென்று அந்தக் குளிரில் விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சை இழுக்கும். வாய் அப்போது தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த முதல் ஒரு நிமிடத்தைக் கடந்தால் மூச்சு ஓரளவு கட்டுக்குள் வந்துவிடும், அதுவரை மிதக்க வைப்பது ஜாக்கெட்தான். ஜீன்ஸும் ஷூவும் ஸ்வெட்டருமாக யாரும் நீச்சல் பழகியதும் இல்லை. போதாததற்கு ஏரிப் பாசி காலில் கொடி மாதிரி சுற்றும்.

சரி, கவிழ்ந்தே விட்டது. கரை பக்கத்தில்தான் தெரிகிறது, நீந்திவிடலாம் என்று கிளம்புவதுதான் பெரிய தவறு. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் தூரம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். சின்னப் படகுகள் பெரும்பாலும் கவிழ்ந்த பிறகும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக இருங்கள், தேடி வருபவர்களுக்கும் படகுதான் முதலில் கண்ணில் படும். கரையில் இருப்பவர்கள் குதிக்கக் கூடாது. கயிறு, ட்யூப், துடுப்பு, ஏன், நாலு துப்பட்டாவை முடிந்து எறிந்தால்கூடப் போதும். மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைக் கழுத்தோடு இறுக்குவார், அது அண்ணனா தம்பியா என்று அவருக்குத் தெரியாது. இன்னொன்று, மூழ்குகிறவர் கத்துவார் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் எங்கிருந்து வரும்?

வானத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோடை மழைக் காலத்திலும் ஐப்பசியிலும் மலை ஊர்களில் மத்தியானத்துக்கு மேல் சட்டென்று இடி இறங்கும். திறந்த ஏரியில் உயரமாக இருப்பது நீங்கள் மட்டும்தான். படகை நிறுத்திவிட்டார்கள் என்றால் டிக்கெட் காசுக்காக மல்லுக்கு நிற்காதீர்கள். மது விஷயத்தில் விளக்கம் எதற்கு? குடித்தவரைப் படகில் ஏற்றாதீர்கள்.

சொந்தமாக மோட்டார் படகு ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு சொல். சாலையில் இடது பக்கம் ஓட்டிப் பழகிய கை தண்ணீரிலும் இடது பக்கமே போகும். தண்ணீரில் விதி தலைகீழ். இரண்டு மோட்டார் படகுகள் எதிரெதிரே வந்தால் இரண்டுமே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். துடுப்புப் படகு எதிரே வந்தால் மோட்டார் படகுதான் விலகிப் போக வேண்டும், சத்தம் போட்டு அதை விரட்டக் கூடாது. எஞ்சினை அணைக்கிற கயிறு ஒன்று இருக்கும், அதைக் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் தவறி விழுந்தால் அது எஞ்சினை நிறுத்தும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து உங்கள் மேலேயே திரும்பி வரலாம். யாராவது தண்ணீரில் இருந்து ஏறும்போது எஞ்சினை மெதுவாக்குவது போதாது, அணைக்க வேண்டும்.

தேக்கடியில் இன்னொரு சங்கதி. 1895இல் அணை கட்டி நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. நீர்க்காகங்கள் சிறகு விரித்து உட்காருவது அவற்றின் மேல்தான். நீர்மட்டம் மாற மாறச் சில கட்டைகள் முழுக்கத் தெரியும், சில தண்ணீருக்கு ஒரு சாண் கீழே ஒளிந்துகொள்ளும். அணைகள் எல்லாவற்றிலுமே இப்படி ஏதாவது இருக்கும். போன மாதம் போன வழி இந்த மாதமும் சரியாக இருக்கும் என்று நம்பி வேகம் எடுக்கக் கூடாது.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. மோட்டார் படகு எழுப்பும் அலை கரையை அரிக்கும், நாணலில் இருக்கும் கூட்டை நனைக்கும். சிப்ஸ் பாக்கெட்டும் பாலித்தீன் பையும் தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டால் எஞ்சின் நடுத் தண்ணீரில் நின்றுவிடும், ஆகாயத்தாமரையும் அப்படித்தான். ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் படகைக் கொண்டுபோகும்போது அடிப்பக்கத்தைக் கழுவாவிட்டால் அந்தத் தாமரையின் ஒரு துண்டு போதும், அடுத்த ஏரியும் போச்சு.

பழவேற்காடு போகிறவர்கள் பூநாரைக் கூட்டத்தைப் பறக்கவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று படகோட்டியை நச்சரிப்பது உண்டு. இரை தேடுகிற பறவையை நாலு முறை கிளப்பினால் அது அந்த இடத்தையே விட்டுவிடும். அங்கே 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்திருக்கிறார்கள். "அவ்வளவு பக்கம் வேணாம்" என்று படகோட்டி சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். அப்புறம், அங்கே தண்ணீரில் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக மிதந்தால் குப்பை என்று நினைத்து நேராக ஓட்டச் சொல்லாதீர்கள். கீழே ஒருவருடைய வலை இருக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும்.