தூர்னதோ ரொசினி: காசு போகிற இடம் ஒன்று, கெட்டுப்போகிற இடம் வேறு

கீழே வெண்ணெயில் பொரித்த ரொட்டி, அதன்மேல் மாட்டிறைச்சியிலேயே மிக மிருதுவான துண்டு, அதற்கும் மேலே வாத்தின் கொழுத்த ஈரலான ஃபுவா க்ரா, உச்சியில் மண்ணுக்கடியில் விளைகிற மணமான காளானான கறுப்பு ட்ரஃபிள், சுற்றிலும் மதேரா என்ற போர்ச்சுகீசிய ஒயினில் செய்த சாஸ். பிரெஞ்சுச் சமையலில் தூர்னதோ ரொசினியைத் தாண்டி ஆடம்பரமான ஸ்டேக் ஒன்றைச் சொல்வது கஷ்டம். இரண்டு பேருக்குச் சமைத்தாலே பர்ஸ் இளைத்துவிடும். ஈரலுக்கும் ட்ரஃபிளுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, எலும்பை வேகவைத்து எடுக்கிற சாறான ஸ்டாக்கிலும் நேரக் கணக்கிலும் கோட்டை விடுவதுதான் வீட்டில் பொதுவாக நடப்பது.

பெயருக்குக் காரணமான ரொசினி, இத்தாலிய இசையமைப்பாளர் ஜொவாக்கினோ ரொசினி (1792–1868). 37 வயதில் ஆபரா என்கிற இசை நாடகம் எழுதுவதை நிறுத்திவிட்டு, கடைசிக் காலத்தைப் பாரிஸில் விருந்தும் இசையுமாகக் கழித்தவர். இதை முதலில் செய்தது புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் கரேம் என்பார்கள், மெஸோன் தோரே உணவகத்தின் சமையல்காரர் மொவாசோன் என்பார்கள். முடிவான ஆதாரம் எதற்கும் இல்லை. யார் செய்திருந்தாலும் சரி, சாஸுக்கு ஓர் ஆள், இறைச்சிக்கு ஓர் ஆள் என்று பல கைகள் இருந்த பெரிய சமையலறையின் பண்டம் இது. வீட்டில் இருப்பதோ ஒரே ஆள், இரண்டு அடுப்பு. அதனால் எதை முதலில் செய்து வைப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் இருப்பது என்பதில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது.

சாஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பெரிய தவறு. இறைச்சி வெந்து ஆறிக்கொண்டிருக்கும், ஈரல் உருகிக்கொண்டிருக்கும், சாஸ் மட்டும் தண்ணியாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். சாஸ் முந்தின நாளே தயாராகிவிட வேண்டும். குறைந்தபட்சம் அன்று காலையிலாவது.

அதிலும் ஸ்டாக் க்யூபைக் கரைத்துச் சுண்டவைத்தால் கதை முடிந்தது. சுண்டும்போது தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. மூன்றில் ஒரு பங்காகச் சுண்டினால் உப்பு மூன்று மடங்காகிவிடும். கடைப்பொடிகளில் மாவுச்சத்தும் இருப்பதால் சாஸ் கஞ்சிபோல் மந்தமாகும். பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கோஃபியே காலத்து முறைப்படி எலும்பை வறுத்து, எஸ்பான்யோல் என்கிற பழுப்பு சாஸ் வைத்து, அதை மறுபடி சுண்டவைத்து டெமி க்ளாஸ் என்கிற அடர்ந்த சாஸ் செய்வதென்றால் இரண்டு நாள் வேலை. அது வீட்டுக்குத் தேவையில்லை. உப்புப் போடாத நல்ல கன்று எலும்பு ஸ்டாக் போதும், கோழி ஸ்டாக்கூடப் பரவாயில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் அது ஜெல்லிபோல் உறைய வேண்டும். உறையாவிட்டால் அதில் ஜெலட்டின் போதவில்லை என்று அர்த்தம். கால் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் ஜெலட்டின் பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். சாஸ் உதட்டில் லேசாக ஒட்டுகிற பதம் ஜெலட்டினால் வருவது. சோள மாவால் வராது.

இரண்டு பேருக்கு 100 மில்லி மதேரா போதும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, அடுப்பை அணைத்துவிட்டு ஒயினை ஊற்றி, பிறகு மறுபடி பற்றவையுங்கள். எரிகிற கேஸ் மேல் ஊற்றினால் குப்பென்று தீப்பிடிக்கும். ஒயின் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே ஸ்டாக் சேர வேண்டும். அவசரத்தில் ஒயினைக் கடைசியில் ஊற்றினால் பச்சை ஆல்கஹால் நெடி தங்கிவிடும். மதேராவில் மாம்ஸி வகை ரொம்ப இனிப்பு. வெர்தேலோ போல ஓரளவு புளிப்புள்ளதை நான் எடுப்பேன், ஏனென்றால் இந்தத் தட்டில் கொழுப்பை வெட்டிக்கொடுக்கிற வேறு எதுவுமே கிடையாது. சமையலுக்கென்று விற்கிற, உப்புக் கலந்த மதேராவைத் தொடவே வேண்டாம்.

இறைச்சிக்கு வருவோம். ஃபிலேயின் நடுப்பகுதியிலிருந்து 3, 4 செ.மீ. தடிமனில் வட்டமாக வெட்டியதுதான் தூர்னதோ. ஒன்று 150 முதல் 180 கிராம் இருக்கும். நம் ஊர் மாட்டுக்கறிக் கடையில் அண்டர்கட் என்று கேட்டால் கிடைக்கிற பகுதி இதுதான். பார்க்க நிறையத் தெரியும் என்று மெல்லியதாக வெட்டி வாங்குபவர்கள் உண்டு. வெளியே நிறம் ஏறுவதற்குள் உள்ளே வெந்து தீர்ந்துவிடும். ஃபிலேயில் கொழுப்பு மிகக் குறைவு. அதிகம் வெந்த விலா ஸ்டேக்கைக் கொழுப்பு கொஞ்சம் காப்பாற்றும், அதிகம் வெந்த ஃபிலேயை எதுவும் காப்பாற்றாது. துண்டைச் சுற்றி நூலால் ஒரு கட்டுப் போட்டால் வட்டம் கலையாமல் சீராக வேகும். பரிமாறும் முன் நூலை வெட்டி எடுக்க மறக்காதீர்கள், அப்படியே தட்டில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

உப்பை அடுப்பில் போடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு தடவலாம், அல்லது போடுகிற கணத்தில் தூவலாம். இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் முன்பு தடவுவதுதான் மோசம். உப்பு வெளியே இழுத்த நீர் திரும்ப உள்ளே போக நேரமில்லாமல் மேலேயே நிற்கும். ஈரமான இறைச்சி கல்லில் வறுபடாது, அவியும். அதனால் துடைத்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். இறைச்சியை வெளியே எடுத்து வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் பழைய அறிவுரையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவ்வளவு தடிமனான துண்டு அரை மணி நேரத்தில் சில டிகிரிதான் ஏறும். மேற்பரப்பு காய்ந்திருப்பதுதான் முக்கியம். வெளியே வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து. அது தவறென்று எப்போதோ தெரிந்துவிட்டது. வறுப்பது நிறத்துக்கும் ருசிக்கும் மட்டுமே, சாறு நிற்பதும் போவதும் உள்ளே ஏறுகிற சூட்டைப் பொறுத்தது.

வெண்ணெயை அப்படியே போட்டால் அதிலுள்ள பால் துகள்கள் கருகிக் கசக்கும். தெளியவைத்த வெண்ணெயோ நெய்யோ நல்லது. கனமான இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு, இரண்டரை நிமிடம், பிறகு ஓரங்களையும் சுற்றித் திருப்பி, உள்ளே வெப்பமானி காட்டுகிற எண்ணைப் பார்த்து இறக்குங்கள். 48, 49 டிகிரியில் இறக்கினால் ஓய்விலேயே 52 வரை ஏறி உள்ளே சிவப்பாக இருக்கும். 53இல் இறக்கினால் இளஞ்சிவப்பு. அதற்கு மேல் போவதானால் இந்தச் செலவே வேண்டாம், வேறு துண்டு வாங்கிக் குழம்பு வைக்கலாம்.

இனி ஃபுவா க்ரா. பிரான்ஸில் கடைக்குப் போனால் அலமாரி முழுக்க இருக்கும், ஆனால் பெரும்பாலானவை வறுப்பதற்கானவை அல்ல. ப்ளோக் என்று போட்டிருப்பது ஈரலை அடித்துக் கலந்து மறுபடி வார்த்தது. பாதி வெந்ததாக விற்பது குளிரவைத்து ரொட்டியோடு சாப்பிட. இரண்டையும் சூடான கல்லில் போட்டால் சில நொடிகளில் மஞ்சள் எண்ணெய்தான் மிஞ்சும். வாங்க வேண்டியது பச்சை ஈரல், ஒன்றரை செ.மீ. தடிமனுள்ள துண்டுகள். உறையவைத்த துண்டுகள் விற்கிறார்கள், உருகவிடாமல் அப்படியே கல்லில் போடலாம், புதியதைவிடக் கையாளவும் சுலபம்.

கல்லில் எண்ணெய் வேண்டாம். புகை கிளம்பும் அளவுக்குச் சூடாகட்டும். துண்டை வைத்ததும் சத்தம் பலமாக வர வேண்டும். மெதுவாகச் சிணுங்கினால் சூடு போதவில்லை, உடனே எடுத்துவிடுங்கள். சில நொடிகளிலேயே சுற்றிலும் கொழுப்பு தேங்கத் தொடங்கும், ஓரம் பழுப்பாகும், புகை மூக்கைத் தாக்கும். இங்கேதான் பலர் பயந்து தீயைக் குறைக்கிறார்கள். குறைத்தால் நிறம் வராது, உருகுவது மட்டும் நடக்கும். 30 முதல் 45 நொடியில் ஒரே தடவை திருப்பி, மறுபக்கமும் அதே அளவு. விரலால் அழுத்தினால் ஓரம் முறுகலாகவும் நடு தளதளவென்றும் இருந்தால் சரி. எடுத்துத் தாளில் வைத்து, கல் உப்பு தூவுங்கள். உறைந்த துண்டானால் நேரம் கொஞ்சம் கூடும். இறைச்சி ஓய்வெடுக்கிற ஐந்தாறு நிமிடத்தின் கடைசிப் பகுதியில்தான் இந்த வேலை. முன்பே வறுத்து வைத்து மறுபடி சூடுபண்ணினால் வாங்கிய காசு எண்ணெயாக ஓடிவிடும்.

வாத்துக்கும் கூஸுக்கும் கட்டாயமாகத் தீனி திணித்துத்தான் இந்த ஈரலை வளர்க்கிறார்கள். அது பிடிக்காதவர்கள் நிறைய. பிரான்ஸ் இதைத் தன் பாரம்பரியமாகச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது, இந்தியா 2014இல் இறக்குமதியைத் தடை செய்தது. வேண்டாமென்றால் கோழி ஈரலை மசித்துச் செய்கிற பாத்தே ஒரு கரண்டி வைக்கலாம். நன்றாகவே இருக்கும், ரொசினி என்ற பெயரை மட்டும் விட்டுவிடலாம்.

ட்ரஃபிளில் ஏமாறுவது சுலபம். பெரிகோர் கறுப்பு ட்ரஃபிளின் பருவம் டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. கோடையில் கிடைப்பது வேறு இனம், பார்க்கக் கறுப்புதான், மணம் பாதிகூட வராது. ட்ரஃபிள் எண்ணெய் என்று விற்பதில் பெரும்பாலும் ட்ரஃபிளே இருக்காது, ஆய்வகத்தில் செய்த வாசனைப் பொருள்தான். ஒரு சொட்டு போதும், மற்ற எல்லா ருசியையும் அமுக்கிவிடும். அதற்கு ட்ரஃபிளே இல்லாமல் பரிமாறுவது மேல். நல்லது கிடைத்தால் ஆளுக்கு 4, 5 கிராம், தாள்போலச் சீவி, அடுப்பிலிருந்து இறக்கிய சாஸில் ஒரு நிமிடம் போட்டால் போதும். கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடும். சாஸில் கடைசியாகக் கலக்கிற குளிர்ந்த வெண்ணெய்க்கும் அதே விதிதான், கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும்.

ரொட்டியைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இறைச்சியிலிருந்து வடிகிற சாற்றைக் குடித்துக்கொள்வது அதுதான். வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த ப்ரியோஷ் ரொட்டியோ சாதா வெள்ளை ரொட்டியோ, இறைச்சியின் அதே வட்டத்தில் வெட்டி, நெய்யில் இருபுறமும் பொன்னிறமாகப் பொரித்துக்கொள்ளுங்கள். தட்டையும் சூடாக்கி வையுங்கள். சாஸை மேலே ஊற்றாமல் சுற்றிலும் விடுங்கள், மேலே ஊற்றினால் ஈரலின் முறுகல் போய்விடும்.

பக்க உணவுக்குக் க்ரீமில் வெந்த உருளைக்கிழங்கு வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. கொழுப்புமேல் கொழுப்பாகி, பாதியிலேயே கை தயங்கும். வதக்கிய கீரையோ கொஞ்சம் பச்சை சாலடோ போதும். உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் மறுநாள் செய்யுங்கள். ஈரல் வறுத்த சட்டியில் கருகாத கொழுப்பு மிஞ்சியிருந்தால் வடிகட்டி ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள், அதில் வறுக்கலாம்.