ஓபரா மேடைக்குக் கவுண்டர்டெனராக ஆயத்தமாவது எப்படி?

பெண்களுக்குரிய ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்), மெஸ்ஸோ (இடைநிலைப் பெண்குரல்) எல்லையில் பாடும் ஆண் பாடகரே கவுண்டர்டெனர். இவர்களுள் பலருக்கு இயல்பான பேச்சுக்குரல் பாரிட்டோன் எனும் நடுத்தர ஆண்குரல்தான். ஆகவே பதின்பருவத்தில் குரல் உடைந்து நிலைபெறும் வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே பொய்க்குரலை (ஃபால்செட்டோ எனும் மெல்லிய உயர்குரலை) தீவிரமாகப் பழகத் தொடங்குங்கள்.

பொய்க்குரலில் குரல்நாண்களின் விளிம்புகளே பெரிதும் அதிர்வதால், பயிற்சியற்றவரின் ஒலியில் காற்று கலந்து வலுவிழக்கும். பியானோவின் நடு சி சுரத்தை ஒட்டி பேச்சில் ஒலிக்கும் மார்புக்குரலும் பொய்க்குரலும் சந்திக்கும் இடமே மிகக் கடினமானது. மேலிருந்து ஐந்து சுரங்களை மென்மையாக, ஒரே மூச்சில் இறங்கி, குரல் மாறும் கணம் கேட்பவருக்குத் தெரியாத வரை ஆசிரியர் முன்னிலையில் இழைத்துப் பழகுங்கள். தொண்டை இறுகினால் உடனே நிறுத்திவிடுங்கள். எவ்வளவு உயரம் எட்டுகிறது என்பதைவிட இந்த இணைப்பே ஒருவருடைய தொழில்வாழ்வைத் தாங்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பாடங்களை இசையமைப்பாளர் ஹேண்டலின் ஓபராக்களிலிருந்து தொடங்குவது நலம். லண்டனில் 1724இல் அரங்கேறிய 'ஜூலியோ சேசரே'யின் தலைமை வேடம் செனெசினோ என்ற காஸ்ட்ராடோவுக்காக (குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே விதைநீக்கம் செய்யப்பட்ட பாடகருக்காக) எழுதப்பட்டது. இன்று அதைக் கவுண்டர்டெனர்கள் பரவலாகப் பாடுகிறார்கள். அதன் விரைவான சுரக்கோவைகளோடு இத்தாலிய உச்சரிப்பும் கைவர வேண்டும். அடுத்து, கவுண்டர்டெனர் ஆல்ஃபிரட் டெல்லருக்காக இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1960இல் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' ஓபராவில் படைத்த ஓபரான் வேடத்தையும், ஃபிலிப் கிளாஸின் 'அக்னாட்டன்' ஓபராவையும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓபரா வாய்ப்புகள் அமையும் வரை, இங்கிலாந்தின் பேராலயப் பாடகர்குழுக்களில் ஆல்டோ வரிசையில் ஊதியத்துடன் பாடலாம்.