ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் ஆயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வேகமான வண்டியா? அப்போ நல்லா கெட்டியான ஆயிலா ஊத்துங்க." ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். இந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. 2000-களின் தொடக்கத்தில் வந்த இ46 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 காரின் எஸ்54 எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை போகும். அதற்கு 10டபிள்யூ-60 என்ற மிகக் கெட்டியான கிரேடு ஆயிலை நிறுவனமே சொன்னது. அதிலிருந்து பிஎம்டபிள்யூவின் எம் வரிசை ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே 60தான் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். பிறகு வந்த எஃப்80 எம்3-இல் டர்போ வைத்த எஸ்55 எஞ்சின். அதற்கு 10டபிள்யூ-60 கிடையாது, அதைவிட மெல்லிய ஆயில்தான். காரின் பெயர் அப்படியே இருக்க, ஆயில் மாறிவிட்டது.

காரணம், எஞ்சினில் சுழலும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் பருமன்கூட இருக்காது. அந்த இடைவெளியையும் ஆயில் பம்பையும் ஒரு குறிப்பிட்ட ஆயிலை மனதில் வைத்தே வடிவமைக்கிறார்கள். அதைவிடக் கெட்டியாக ஊற்றினால் பிரஷர் மீட்டர் உயரும், பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் பிரஷர் எல்லை தாண்டியதும் அதைக் குறைக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பகுதி பேரிங்குக்குப் போகாமலே திரும்பிவிடும். பேரிங்கின் சூட்டைக் கொண்டுபோவதும் ஓடும் ஆயில்தான் என்பதால், பிரஷரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

அடுத்தது, நம் ஊரில் நான் அடிக்கடி கேட்கும் வாதம். "டபிள்யூ என்றால் விண்டர். சென்னையில் பனியா பெய்கிறது? 0டபிள்யூ எதற்கு, 20டபிள்யூ-50 போதாதா?" டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது உண்மைதான், அதன் முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும். ஆனால் எஞ்சினின் கணக்கில் சென்னையின் விடியற்காலையும் குளிர்தான். 40, 50 என்ற பின்பக்க எண் 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. 40 என்றால் அந்தச் சூட்டில் அதன் கெட்டித்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையின் அலகு) இருக்க வேண்டும். அதே ஆயில் 40 டிகிரியில் பல மடங்கு கெட்டியாக இருக்கும். வழக்கமான ஒரு 0டபிள்யூ-40 அங்கே 75 சென்டிஸ்டோக் அளவில் நிற்கும். 20டபிள்யூ-50 பெரும்பாலும் 150-ஐத் தாண்டும். காலையில் சாவியைத் திருப்பியதும் மேலே கேம்ஷாஃப்ட் வரை சீக்கிரம் போய்ச் சேருவது எது என்று யோசித்துப் பாருங்கள். ஆர்35 நிசான் ஜிடி-ஆர் போன்ற ஒரு அசுர வண்டிக்கே நிறுவனம் சொன்னது 0டபிள்யூ-40.

சரி, கிரேடு சரியாகப் பார்த்துவிட்டோம், போதுமா? போதாது. எனக்குத் தெரிந்து ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கடையில் இரண்டு கேன், இரண்டிலும் 5டபிள்யூ-30. இரண்டும் ஒன்றில்லை. பேரிங்குக்குள் ஆயில் 150 டிகிரி சூட்டில் நசுங்கும்போது எவ்வளவு தாங்கும் என்று ஒரு சோதனை இருக்கிறது. 5டபிள்யூ-30 என்று பெயர் வாங்க அதில் 2.9 எடுத்தால் போதும். ஐரோப்பிய கார் நிறுவனங்களின் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி3 தரத்துக்குக் குறைந்தது 3.5 வேண்டும். அதிக சுற்றில், நல்ல சூட்டில் ஓடும் எஞ்சினுக்கு இது பெரிய வித்தியாசம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது காரின் கையேட்டில் உள்ள அங்கீகாரக் குறியீடு. போர்ஷே என்றால் ஏ40, சி20, சி30 போன்றவை. பிஎம்டபிள்யூ என்றால் எல்எல்-01, எல்எல்-04. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் 502 00, 504 00, 508 00. இவற்றுக்குள்ளும் மாற்றிப் போடக் கூடாது. 508 00 என்பது 0டபிள்யூ-20 ஆயில். 502 00 கேட்கும் பழைய எஞ்சினுக்கு அது ஆகாது. கேனின் பின்பக்கத்தையும் பொறுமையாகப் படியுங்கள். கார் நிறுவனம் சோதித்து ஒப்புதல் கொடுத்த ஆயில் வேறு, "இந்தக் காருக்குப் பரிந்துரைக்கிறோம்" என்று ஆயில் நிறுவனம் தானே எழுதிக்கொள்வது வேறு. "ஃபுல் சிந்தடிக்" என்ற சொல்லை வைத்தும் முடிவெடுக்க முடியாது. கச்சா எண்ணெயிலிருந்து வந்து, ஹைட்ரஜன் கொண்டு நன்றாகச் சுத்திகரிக்கப்பட்ட குரூப் 3 எண்ணெயையும் பல நாடுகளில் அந்தப் பெயரிலேயே விற்கலாம். அதில் தவறில்லை, ஆனால் அந்தச் சொல் எந்தத் தரத்துக்கும் உத்தரவாதம் ஆகாது.

டர்போவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த எஞ்சின் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறைந்த சுற்றில், மேல் கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே சிலிண்டருக்குள் பெட்ரோல் தீப்பிடித்துக்கொள்ளலாம். பலமாக நடந்தால் பிஸ்டனே உடையும். ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியம் வகை இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் தரங்களை மாற்றினார்கள். இதற்கான சோதனையோடு 2020-இல் வந்தது, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் எஸ்பி தரம். இந்த வகை எஞ்சினுக்கு ஏபிஐ தரம் கேட்டிருந்தால் எஸ்பிக்குக் கீழே போகாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய எஸ்எம், எஸ்எல் கேனை வாங்க வேண்டாம்.

"ரேசிங்" என்று எழுதிய கேன் மீதும் ஆசைப்பட வேண்டாம். அசல் பந்தய ஆயிலில் பெரும்பாலும் துத்தநாகமும் பாஸ்பரஸும் அதிகம், அழுக்கு நீக்கும் சேர்மானம் குறைவு. அதை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் மாற்றிவிடுவார்கள். தினமும் ஆபீஸுக்குப் போய்வரும் காரில் மாதக்கணக்கில் கிடந்தால் பிசுக்கு சேரும், எரியும் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும்.

சரியான ஆயிலை ஊற்றிவிட்டு, வண்டியை எடுத்த உடனே முறுக்குபவர்களும் உண்டு. கூலன்ட் மீட்டர் நடுவில் வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆயில் சூடாக அதைவிட அதிக நேரமாகும். அந்த இ46 எம்3-இல் இதற்காகவே டாக்கோமீட்டரைச் சுற்றி விளக்குகள் வைத்திருந்தார்கள். ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். ஆயில் டெம்பரேச்சர் காட்டும் வண்டி என்றால் 80 டிகிரி தாண்டும்வரை பொறுமையாக ஓட்டுங்கள்.

போலி ஆயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெற்ற கடையில், சீல் பார்த்து வாங்குங்கள். காலியான கேனை ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப்போடுங்கள். இல்லாவிட்டால் அதே கேன் வேறு எதையாவது நிரப்பிக்கொண்டு திரும்பி வரும்.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டிராக் டே அன்று சொந்தக் காரை ஓட்டுபவர்கள், ஆயில் மாற்றுவதற்குக் கையேட்டில் உள்ள 10,000, 15,000 கிலோமீட்டர் கணக்கை மறந்துவிட வேண்டும். அது சாலைக்கான கணக்கு. ஓரிரு டிராக் நாளுக்குப் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். போவதற்கு முன் ஆயில் அளவு மேல் கோட்டருகே இருக்கட்டும். குறைவாக இருந்தால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். கோட்டைத் தாண்டி ஊற்றினாலோ கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். அளவு பார்க்கும் முறையும் காருக்குக் கார் மாறும். ஆயிலுக்குத் தனி டேங்க் உள்ள பழைய ஏர்-கூல்டு போர்ஷே 911-இல் எஞ்சின் சூடாகி, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் குறைவாகத் தெரியும். அதை நம்பி இன்னும் ஒரு லிட்டர் ஊற்றிவிடுவார்கள். டிக்கியில் அதே ஆயிலில் ஒரு லிட்டர் கேன் இருக்கட்டும். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் உங்கள் கையேடு சொல்லும் முறையில் பார்த்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மட்டும் ஊற்றுங்கள்.