எழுதியது எங்கே தங்குகிறது? சில்லுக்குள் எழுதிப் பழகுவோம்

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸில் இன்டெல் நிறுவனத்தின் சில்லு (சிப்) ஆலை தொடங்கிய ஆண்டு 1972. கெடாவில் எங்கள் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து விடியற்காலை ஃபேக்டரி பஸ் ஏறிப் போன அக்காக்களை எனக்கு நன்றாகத் தெரியும். சில்லுகளைக் கையில் எடுத்துச் சோதித்தவர்கள் அவர்கள். அதற்குள் நாமே எழுதலாம் என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நாம் எழுதக்கூடிய சில்லு வகைகளுக்கு ப்ரோம், ஈப்ரோம், ஃபிளாஷ், எஃப்பிஜிஏ என்று பெயர்கள் வரிசையாக வந்தால் தலை சுற்றும். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எழுதியது எங்கே தங்குகிறது, எப்போது அழிகிறது?

படி 1. நிரல் எழுதிப் பழக உதவும் சின்னப் பலகையான ஆர்டுயீனோ ஊனோ ஆர்3 போர்டு ஒன்றும் யூஎஸ்பி கேபிளும் போதும். அதிலுள்ள சில்லு ஏடிமெகா328பி. கணினியில் ஆர்டுயீனோ மென்பொருளை நிறுவி, போர்டின் பெயரையும் அதைச் செருகிய யூஎஸ்பி இணைப்பையும் (போர்ட்) தேர்ந்தெடுங்கள்.

படி 2. எடுத்துக்காட்டுகளில் உள்ள பிளிங்க் நிரலை ஏற்றுங்கள். விளக்கு கண்சிமிட்டும். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். இன்னும் சிமிட்டுகிறதா? நிரல் தங்கிய இடம் ஃபிளாஷ், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம், 32 கிலோபைட். சுமார் 10,000 முறை அழித்து எழுதலாம்.

படி 3. இப்போது ஒரு மாறியை வைத்து, விநாடிக்கு ஒன்று கூட்டி, சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சன்னல்) காட்டுங்கள். நாற்பது வந்ததும் கேபிளைப் பிடுங்குங்கள். மறுபடி செருகினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். மாறி இருந்தது ரேமில், அதாவது மின்சாரம் உள்ளவரை மட்டும் நிற்கும் நினைவகத்தில், 2 கிலோபைட். மாலை இடி மழையில் கரண்டு போனால் போனதுதான். (மானிட்டரைத் திறந்தாலே ஊனோ தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும். பயப்பட வேண்டாம்.)

படி 4. எனக்கு மிகவும் பிடித்த படி இது. அதே சில்லுக்குள் ஈஈப்ரோம் என்று 1024 பைட் தனியாக இருக்கிறது. நிரல் தொடங்கும்போது ஒரே முறை ஓடும் செட்டப் பகுதியில், 0ஆம் அறையை (முதல் பைட்டை) படித்து, ஒன்று கூட்டி, அப்டேட் கட்டளையால் திரும்ப எழுதி, எண்ணைக் காட்டுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒன்று கூடும். நாளைக்குச் செருகினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தோட்டத்துக் காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி, அதாவது எழுத்தர், வாயால் கூப்பிட்ட பெயர் ரேம் என்றால், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எழுதிய பெயர் ஈஈப்ரோம்.

புதுச் சில்லில் முதல் எண் 0 என்று வரலாம். எழுதாத அறையில் 255 இருக்கும். ஒரு பைட்டில் அதற்கு மேல் இடமில்லை, அதனால் ஒன்று கூட்டினால் 0.

தயவுசெய்து ஈஈப்ரோமில் எழுதும் இந்தக் கட்டளையை, திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதியில் வைக்காதீர்கள். ஒரு முறை எழுத ஏறத்தாழ 3.3 மில்லிவிநாடி ஆகும், ஓர் அறைக்கு 100,000 முறைதான் கணக்கு. இடைவெளி இல்லாமல் ஓடவிட்டால் ஐந்தரை நிமிடத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். தெரியாமல் நான் ஒரு இரவு முழுக்க ஓடவிட்டிருக்கிறேன்.

படி 5. இனி மற்றவை எளிது. பழைய ப்ரோமில் உள்ளே இருக்கும் மெல்லிய ஃபியூஸ்களை எரித்துத்தான் எழுதுவார்கள். ரப்பர்ப் பால்மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிய காயம் மாதிரி, திருத்த முடியாது. 1971இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ரோமின் முதுகில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் வழியே புற ஊதா ஒளியை இருபது நிமிடம்போல் காட்டினால் எல்லாம் அழியும். ஓர் அறையை மட்டும் தனியாக அழிக்க முடியாது. பழைய கணினிப் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டிய சில்லைப் பார்த்தால் உரிக்காதீர்கள். அடியில் அந்தச் சன்னல் இருக்கலாம்.

எஃப்பிஜிஏ வேறு வகை. மேலே பார்த்தவை தரவையும் கட்டளைகளையும் வைத்திருப்பவை. இதில் நாம் எழுதுவது இணைப்புகளை, அதாவது எந்தக் கதவு (லாஜிக் கேட் என்னும் சின்னத் தருக்கச் சுற்று) எதனோடு சேர வேண்டும் என்பதை. வரி வரியாக ஓடாமல், எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். 1985இல் வந்த சைலிங்ஸ் நிறுவனத்தின் முதல் எஃப்பிஜிஏவில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. அதே கேள்வியை இதனிடமும் கேளுங்கள். பெரும்பாலான எஃப்பிஜிஏக்கள் மின்சாரம் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாஷ் சில்லு இருக்கும். சுவிட்சைப் போட்டதும் எஃப்பிஜிஏ முதலில் அதைப் படித்து, அதன்படி தன்னை அமைத்துக்கொள்ளும்.